டயர் பெருத்தது, ஆக்ஸில் அதேதான்

ஆசிரியருக்கு,

காட்டுப்பாதை ஜீப்புகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை டயரின் புகழ் பாடியது; அதைச் சுமக்கும் ஆக்ஸிலை மறந்துவிட்டது.

பல்லடம் சாலையில் பனியன் கம்பெனி நடத்தும் மைத்துனரின் ஜீப்புக்குத் தயாரிப்பாளர் பொருத்திய டயர் 245/75 ஆர்16. உயரம் சுமார் 30.5 அங்குலம். ஆக்ஸிலைத் தொடாமல் 33 அங்குலம் மாட்டினார். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் வண்டி ஓடுவது 65-இல். அதுகூடப் பரவாயில்லை. பாறையிடுக்கில் சக்கரம் சிக்க, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். பட்டறையில் கழற்றிப் பார்த்தால், ஆக்ஸில் ஷாஃப்ட்டின் பற்கள் முறுக்கேறிய நூல்போலத் திருகிக் கிடந்தன.

தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

இனி ஜீப் படம் போடும்போது, அதற்கு அனுமதிக்கப்பட்ட டயர் அளவையும் கீழே அச்சிடுங்களேன்.

– ஒரு வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்