குப்பை, எரு, உரம்

சென்ற பருவத்தில் திருக்குறளின் உழவு அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "வள்ளுவர் எரு என்கிறார், நாம் ஏன் ஐயா உரம் என்கிறோம்?" என்று கேட்டார். ஆசிரியர்களுக்கு இத்தகைய கேள்விகள் எப்போதாவதுதான் வாய்க்கின்றன. அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களில் இரண்டு எருவைப் பேசுகின்றன. உழுத மண்ணை நன்கு உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது ஒன்று. உழுவதைவிட எருவிடுதல் நன்று என்பது மற்றொன்று. உரம் என்ற சொல்லும் குறளில் உண்டு. ஆனால் அது ஊக்கமுடைமையில் மனவலிமை என்னும் பொருளில் வருகிறது.

ஊர்ப்புறத்தில் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு சொல் வழங்குகிறது. எங்கள் பக்கத்து முதியவர்கள் தொழுவத்துச் சாணமும் சாம்பலும் கழிவைக்கோலும் மட்கியதைக் 'குப்பை' என்பார்கள். "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்பது ஒரு குடும்பத்தின் செழிப்பை விசாரிக்கும் கேள்வியாக இருந்தது. அவர்களுக்கு உரம் என்றால் கடையில் சாக்கில் வருவது மட்டுமே. ஆக, வீட்டில் உண்டாவது குப்பை, விலைக்கு வருவது உரம். இந்த வேறுபாட்டை நாம் தொலைத்துவிட்டோம் என்பதே எங்கள் வருத்தம். இன்று 'இயற்கை உரம்' என்ற பெயரில் நாம் பெரும்பாலும் வாங்குவது இன்னொரு சாக்கைத்தான்.

நாங்களும் வாங்கினோம். திருமயம் கோட்டைப் பாறை தெரியும் தொலைவில் எங்கள் வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் காய்கறித் தோட்டம் உண்டு. சரளை கலந்த செம்மண். ஊற்றிய நீர் நிற்காமல் இறங்கிவிடும். ஆடிப்பட்டத்தில் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் வைத்து, வெளியூர்க் கடையொன்றில் வாங்கிய சாக்கைப் பிரித்துக் கொட்டினோம். சாக்கில் பசுவின் படம் இருந்ததே தவிர, தயாரித்தவர் பெயரோ சத்தின் அளவோ இல்லை. இருபது நாளில் கத்தரி வெளிறி நின்றது. கிளறிப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் மட்காத தென்னைநார்க் கழிவு. கரி மிகுந்து தழைச்சத்து குறைந்த அத்தகைய பொருளை மண்ணிலிட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கிறது. இயற்கை என்ற சொல்லுக்காகக் காசு கொடுத்துச் செடியின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியிருக்கிறோம்! 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இலேயே அங்கக உரங்களுக்கான தரமும், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கான வரம்பும் சேர்க்கப்பட்டுவிட்டன. படித்த நாங்களே சாக்கின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிறகு பக்கத்துத் தெருப் பாட்டியிடம் போய் நின்றோம். அவரிடம் ஒரு பசு இருக்கிறது. "ஏம்ப்பா வாத்தியாரே, மாடு இல்லாத ஊருல சாணி எங்கேருந்துப்பா வரும்?" என்று சிரித்தார். இயற்கை வேளாண்மை குறித்து நாங்கள் கேட்ட கருத்தரங்கு உரைகளில் இந்தக் கேள்வி எழுந்ததாக நினைவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது சுமார் 20 கிலோ தழைச்சத்து. நன்கு மட்கிய தொழுவுரத்தில் அது அரை விழுக்காட்டளவே. ஆகவே ஒரு மூட்டைக்கு ஈடாக ஏறத்தாழ 4 டன் குப்பை வேண்டும். தழைச்சத்தோடு குப்பையின் வேலை முடிவதில்லை. எங்கள் செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மண்ணைப் பொலபொலப்பாக்குவதும் அதுதான், யூரியாவுக்கு அது இயலாது. ஆனால் அந்த 4 டன்னுக்குப் பின்னால் மாடும், அது மேயும் நிலமும், அள்ளும் கைகளும் இருந்தாக வேண்டும்.

அவை இருந்த ஊர்தான் இது. கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளி மேட்டு நிலத்தில் பரப்புவார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள், கி. ராஜநாராயணனின் 'கிடை'யையும் சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யையும் படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கை புதிதன்று. ஓரிரவு ஒரு வயலில் ஆடுகள் அடைந்து கிடந்தால் புழுக்கையும் நீரும் மண்ணுக்கு. வேம்பு, புங்கு, ஆவாரை, எருக்கு, கொழுஞ்சி என்று தழையைக் காட்டில் வெட்டி வந்து மிதித்தார்கள். பிறகு இம்மாவட்டத்தின் காடுகளில் வனத்தோட்டக் கழகத்தின் தைலமரம் வரிசை கட்டி நின்றது. அதன் இலையை ஆடு கடிக்காது, எளிதில் மட்கவும் மட்காது. தழை வெட்டவும் ஆடு மேய்க்கவும் இருந்த இடம் சுருங்கியது. வரவழியை அடைத்துவிட்டு உழவரைப் பார்த்து "ஏன் ரசாயனம் போடுகிறாய்?" என்று கேட்பது எவ்வகை நியாயம்? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று சென்ட்டில் கத்தரி வளர்க்கும் எங்களுக்கு, கடலை போட்டுக் கடன் அடைக்க வேண்டியவருக்கு உபதேசம் செய்யும் தகுதி கிடையாது.

இலங்கை இதை நாடளவில் செய்து பார்த்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. எதிர்ப்பு மூண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். இடையில் நெல்லும் தேயிலையும் விழுந்தன. அந்நாட்டின் பொருளாதாரச் சரிவுக்கு அதுவொன்றே காரணமன்று. ஆனாலும் உண்டாக்கி வைக்காத எருவை அரசாணையால் வரவழைக்க முடியாதென்று தெரிந்தது. எங்கள் ஊருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே லேனாவிளக்கில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதால் அச்செய்தி எங்களுக்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை.

மாற்று வழியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம்மாழ்வார் (1938–2013) தொடக்கத்தில் பங்கேற்று உருவான ஒடுகம்பட்டிப் பண்ணை தரிசில் எழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கொழுஞ்சி'. ஆடும் மாடும் அதிகம் தீண்டாத, வறண்ட செம்மண்ணில் தானாக முளைத்துத் தழைச்சத்தைச் சேர்க்கும் ஒரு களையின் பெயர் அது. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்வோரில் பலர் பஞ்சகவ்யப் புட்டியோடு நின்றுவிடுகிறார்கள். நூறு பங்கு நீருக்கு மூன்று பங்கு கலந்து தெளிக்கும் பஞ்சகவ்யம் ஒரு வளர்ச்சியூக்கி. குப்பையின் இடத்தை அது எடுத்துக்கொள்ளாது. நெய்யும் பாலும் இளநீரும் ஊற்றிச் செய்த ஒன்றில் நமக்கு வரும் பக்தி, எருக்குழியைக் கிளறும்போது வருவதில்லை.

இப்போது தோட்டத்து மூலையில் மூன்றடி ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது. சமையற்கட்டுக் கழிவு, சருகு, எருக்கந்தழை ஆகியவற்றின் மேல் சாணக் கரைசல், அதன்மேல் சிறிது மண் என்று அடுக்கி, காயாமல் நீர் தெளித்து, மாதம் ஒருமுறை கிளறுகிறோம். நான்கைந்து மாதத்தில் கறுத்து, நாற்றம் நீங்கி, கையில் உதிர்கிறது. சென்ற பட்டத்தில் கத்தரி தேறியது. அவரை பந்தலை மூடியது. வெண்டை சுமார்தான். சாணத்துக்குப் பாட்டி காசு வாங்குவதில்லை, காய்தான் கேட்கிறார். முழங்கால் வலியோடு இனி மாட்டைக் கட்டி மேய்க்க முடியாதென்றும், அடுத்த தை வரை பார்த்துவிட்டு விற்றுவிடப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்.