கார் செய்கிற கைக்கு ஒரு "பிளக்" கிடையாதா?

மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய் ஆலையில் "கிரெட்டா" மின்சாரக் கார் தயாராகிறது. 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது.

பெருமைதான்! ஆனால் இந்த வட்டாரத்துத் தொழிலாளி ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் எங்கே "சார்ஜ்" போடுவார்?

வாடகை அறை

மணிமங்கலத்தில் மாடியில் வாடகை அறை. வண்டி கீழே. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில்.

"ஒயர் இழுக்காதே தம்பி, பில்லு எகிறிடும்!" என்பார் அவர்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடுகிறது. நாலு அறைக்கும் ஒரே மீட்டர் என்றால் பயம் வரத்தானே செய்யும்?

வீட்டு இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று 2022 ஜனவரியில் மத்திய மின்துறை சொல்லிவிட்டது. சொந்த வீட்டுக்காரருக்குச் சரி. வாடகைக்காரருக்கு?

காருக்கு மட்டுமா?

நகரத்தில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் பரப்பில் ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றும் அப்போது சொன்னார்கள். நெடுஞ்சாலை நிலையம் காருக்கு உதவும். ஸ்கூட்டருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? பேட்டரி நிரம்ப சுமார் 3 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கும் சில மணி நேரமும் இருந்தால் வேலை முடிந்தது.

ஷிப்டோ 8 மணி நேரம்! அத்தனை நேரமும் வண்டி ஸ்டாண்டில் சும்மாதானே நிற்கிறது?

செய்ய வேண்டியது

ஆலைகளின் வண்டி ஸ்டாண்டில் மீட்டரோடு பிளக் வரிசை வைக்கட்டும். கம்பெனி பஸ் ஏறும் இடத்தில் ஊராட்சி வைக்கட்டும். தாம்பரம் ரெயிலுக்குப் போகிறவருக்கு ஸ்டேஷன் ஸ்டாண்டில் வேண்டும். வீட்டுக்காரரும் தனி மீட்டர் மாட்டி, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் நியாயமாகக் காசு வாங்கலாம்.

கடைக்காரர்களும் யோசிக்கலாம். சார்ஜ் போட்டுத் தருவதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்தியது. மளிகைக் கடையிலும் மாட்டக்கூடிய சிறிய கருவியை 3,500 ரூபாய்க்குள் கொண்டுவருவதே இலக்கு என்று 2021-ல் அறிவித்தது. வண்டி நிற்கிற நேரத்தில் வியாபாரமும் நடக்குமே!

பெட்ரோல் செலவு மிச்சமாக வேண்டியது யாருக்கு? மாதக் கடைசியில் சில்லறையை எண்ணிப் பெட்ரோல் போடுகிறவருக்குத்தான். சொந்த வீடும் கார் ஷெட்டும் உள்ளவருக்கு மட்டும் அந்த லாபம் போனால் அது என்ன நியாயம்?

அதிகாரிகள் கவனிப்பார்களா?