மனைக்கு முன்பணம் கொடுக்குமுன்



பெங்களூரின் எல்லையில் மலிவாக ஒரு மனை வந்திருக்கிறது, ஜெபித்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடலாமா என்று நம் குடும்பங்களில் பலர் கேட்கிறீர்கள். ஜெபியுங்கள். கூடவே, லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றி ஆண்டவர் சொன்னதையும் வாசித்துவிட்டு, உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

சாலை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை ஆகியவற்றின் செலவை யாரேனும் ஏற்றே ஆகவேண்டும். நகரம் புதிதாய் விரியும் இடங்களில் அதில் ஒரு பங்கைப் புதிதாய்க் கட்டுகிறவர்களிடமே வாங்குகிறார்கள். கர்நாடகத்தில் இதற்கு ‘பெட்டர்மென்ட் சார்ஜ்’, அதாவது மேம்பாட்டுக் கட்டணம் என்று பெயர். ஐதராபாத்தில் 2006-இல் உயரமான கட்டிடங்களுக்கு ‘இம்பாக்ட் கட்டணம்’ என்றே விதித்தார்கள். அடுக்குமாடி கட்டுகிறவர் செலுத்தினாலும், அது வீட்டு விலையோடு சேர்ந்து உங்களிடமே வந்துவிடும்.

பழைய குடியிருப்புகளுக்குப் பொதுப்பணத்தில் குழாய் போட்டுவிட்டு, பிழைக்க வந்தவனிடம் மட்டும் கேட்பது நியாயமா? எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆயினும் கட்டணம் செலுத்தப்படாத மனையின் நிலை இதைவிட மோசமானது. விவசாய நிலத்தை அனுமதியின்றித் துண்டு போட்டு விற்கும் ‘ரெவின்யூ சைட்’டுகளில் பெரும்பாலும் ஒருவரும் அதைச் செலுத்தியிருக்க மாட்டார்கள். விலை குறைவாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தகைய வீடுகள் ‘பி கத்தா’வில் ஏறின. வரி கட்டியும், கட்டிட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் அநேகர் அலைந்தார்கள். 2025-இல் அரசு அவற்றை ‘ஏ கத்தா’வாக மாற்ற வழி திறந்தபோது, அதற்கும் தனிக் கட்டணம் வைத்தது.

தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். 2007-இல் 110 கிராமங்கள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அவற்றிற்கென்று நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தன!

ஆகையால், விற்பவரிடம் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும் மேம்பாட்டுக் கட்டண ரசீதையும் கேளுங்கள். குழாய் இணைப்பு எப்போது, யார் செலவில் என்பதைக் குடிநீர் வாரிய அலுவலகத்திலேயே விசாரியுங்கள். விற்பவர் நம் சபைச் சகோதரர் ஆயிற்றே என்று வெட்கப்படவேண்டாம். ஆலயத்திற்கு இடம் தேடும் மூப்பர்களும் இதையே செய்வார்களாக. ரசீதின் மூலப்பிரதியைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளிடம் அதைக் கேட்பார்கள்.