முதல் வீடும் சிறு செலவும்

ஜனக்புரியில் தில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய பழைய அடுக்கு வீடுகளில் ஒன்றை வாங்கிக் குடியேறும் நம்மவர் பலருக்குக் கையிருப்பு பத்திரப் பதிவோடு கரைந்துவிடுகிறது. எஞ்சிய சிறு தொகையை முதலில் எதில் இடுவது?

வர்ணத்தில் தொடங்குவது முறையன்று. ஈரங்கசியும் சுவரில் உப்புப் பூக்கும். எத்துணை உயர்ந்த வர்ணமும் அதன்மேல் நில்லாது, உதிர்ந்துவிடும். ஆகவே குளியலறைக் குழாயையும் மாடி வடிகாலையும் செப்பனிட்டு, சுவரை நன்கு உலரவிட்ட பின்னரே வர்ணத்தைக் கருத வேண்டும். கசிவு மேல்வீட்டினதாயின், அவ்வீட்டாரிடம் இன்சொல் கூறி உடனே சரிசெய்துகொள்ளல் நன்று.

அடுத்தது வெயில். கோடையில் 45 பாகையையும் எட்டும் இந்நகரில், மேல்தளத்தில் வசிப்போர் மொட்டைமாடிக்கு வெண்சுண்ணாம்பு பூசினால் வெம்மை தணியும். மேற்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியிட்டு நீர் தெளித்தால் மே மாத வறண்ட காற்றும் குளிர்ந்து மணக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் அது பயன்தராது. அப்போது கழற்றி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

மரச்சாமான்களுக்குக் கீர்த்தி நகர்ச் சந்தை உண்டு. மெட்ரோவின் நீலத் தடத்திலேயே சென்று இறங்கலாம். ஆயினும் கட்டிலும் அலமாரியும் முதலாண்டுக்குப் போதும். கோடைக்குப் பத்தமடைப் பாய், குளிருக்குப் பவானி ஜமக்காளம், மூலையில் ஒரு குத்துவிளக்கு: கூடம் நிறைந்துவிடும். கடன்பட்டு வாங்கும் சோபாவை விட, கசியாத சுவரே இல்லத்தார்க்கு நிம்மதி தரும் என்பது நம் துணிபு.