நிறத்தை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

கோடை விடியற்காலையில் ஸ்காபுரோவிலிருந்து வடக்கே ஓடும் கார்களில், தூண்டில் கழியோடு போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். பாஸ், வோல்ஐ பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மஸ்கி என்ற பெருமீன் மேல் ஆசை பிடிக்கிறது. காசு கரைவதும் அங்கேதான். மஸ்கிக்கான கிராங்பெயிற் என்ற லூர், அதாவது செயற்கை இரை, ஒன்று முப்பது, நாற்பது டொலர். ஒரே உருவம் கடைச் சுவரில் இருபது நிறங்களில் தொங்கும். "அண்ணை, எந்தக் கலர் எடுக்கிறது?" என்றுதான் தம்பிமார் கேட்கிறார்கள். நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அதன் மூக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பாருங்கள் என்கிறேன் நான்.

இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதித் தலையைக் கீழே அமுக்குகிறது, உடம்பு இரு பக்கமும் ஆடுகிறது. தகடு நீளமாக, உடம்பின் போக்கிலேயே முன்னால் போயிருந்தால் ஆழத்துக்கு இறங்கும். குட்டையாக, செங்குத்தாகக் கீழே நின்றால் மேலாகவே ஓடும். போகிற ஏரி எது என்று தெரியாமல் இதில் எதை வாங்குவது?

கவார்த்தா ஏரிகளை எடுத்துக்கொள்வோம். நம்மவர் அதிகம் போகும் பிஜன், பக்ஹோர்ன் ஏரிகளில் நடுக்கோடையில் நீர்ச்செடிகள் மேல்மட்டத்துக்குக் கிட்ட வளர்ந்துவிடும். நீளத் தகட்டுக்காரனை அங்கே எறிந்தால் ரீலை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கொக்கி நிறையச் செடி. செடி தொங்குகிற லூரை மஸ்கி சீண்டாது. அங்கே தேவை, செடிகளின் தலைக்குச் சற்று மேலே போகிற குட்டைத் தகடு. மஸ்கியின் கண்கள் தலையின் மேற்பக்கமாக இருப்பதால் தனக்கு மேலே போகிற இரையை அது நன்றாகக் காண்கிறது. கொஞ்சம் மேலாக ஓடினால் எழுந்து வந்து அடிக்கும், அதற்குக் கீழே ஓடினால் பெரும்பாலும் வீண். ரப்பாலாவின் சூப்பர் ஷாட் ராப் போன்ற பால்சா மரத்து லூர்களை, செடி ஓரங்களில் எறிய நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லூர் செடியில் தட்டுவது கையில் தெரிந்தவுடன் ரீலை நிறுத்த வேண்டும். பால்சா இலேசான மரம். மூக்கைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு தானாக மேலே மிதந்து வரும். அந்த நிற்கிற நேரத்தில்தான் அடி விழும்.

ஜோர்ஜியன் வளைகுடாவில் கதை தலைகீழ். அங்கே பாறை. டெப்த்ரெய்டர் மாதிரி நீளத் தகடும் கெட்டியான பிளாஸ்ரிக் உடம்பும் கொண்டது வேண்டும். தகடு முதலில் பாறையில் இடித்து உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது, கொக்கிகள் பின்னால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆழத்துக்குப் போக வாங்கிய லூர் எதிலும் இடிக்காமல் வெறும் தண்ணீரில் வந்துகொண்டிருந்தால் அதற்குக் கொடுத்த காசு பாதி வீண்.

சென்ட் கிளேர் போன்ற திறந்த நீரில், படகின் பின்னால் கட்டி வேகமாக இழுப்பவர்களுக்கு நேர் உடம்பு லூர்தான் உகந்தது. மூட்டுப் போட்டது அகலமாக, சத்தமாக ஆடும். தண்ணீர் குளிர்ந்த ஒக்ரோபரில் மெதுவாக இழுக்க அது நல்லது. முதல் லூர் வாங்குபவருக்கு நான் சொல்வது பிலீவர். நூல் கட்ட இரண்டு இடங்கள் இருப்பதால் ஒரு விலையில் இரண்டு ஆழம்.

பெரிய மீனுக்குப் பெரிய லூர் என்பதும் முழு உண்மையில்லை. ஒன்ராறியோவின் சாதனை மஸ்கி 65 இறாத்தல். 1988 ஒக்ரோபரில் ஜோர்ஜியன் வளைகுடாவின் மூன் ஆற்று முகத்தில் கென் ஓபிரையன் பிடித்தது. அவர் இழுத்துக்கொண்டிருந்தது நாலு அங்குல ரப்பாலா. இலையுதிர்காலத்தில் நானும் பத்து அங்குலத்தைக் கட்டுகிறேன். ஆனால் பெரிதாக இருப்பதாலேயே ஒன்றை வாங்குவதில்லை.

எதை வாங்கினாலும் எறியுமுன் படகோரத்தில் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். புது லூரே ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். இடப்பக்கம் ஓடினால் நூல் கட்டும் கம்பி வளையத்தைக் குறடால் மயிரிழை அளவு வலப்பக்கம் வளைக்க வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். நேராக, தலை குத்தி, வால் துடித்துக்கொண்டு வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இன்னொன்று: மஸ்கி படகுவரை பின்தொடர்ந்து வருகிற மீன். அதனால் கடைசியில் கழி நுனியைத் தண்ணீருக்குள் விட்டு லூரை எட்டுப் போல் சுழற்றுகிறோம். நீளத் தகடு அப்போது கையைக் கீழே பிடித்து இழுக்கும். குட்டைத் தகடு அகலமாகத் திரும்பும். கரையோரம் எறிபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நிறத்துக்கு ஒரு வரி போதும். கலங்கிய நீரில் பளிச்சென்றும், தெளிந்த நீரில் பேர்ச் மீனின் கோடுகளோடும் இருக்கட்டும்.

மிச்சக் காசு எங்கே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். மஸ்கி லூர் பலவற்றில் மும்முனைக் கொக்கி மூன்று. வாயில் ஒன்று மாட்டினால் மற்றது கண்ணிலோ செவுளிலோ பாய்கிறது. செவுளுக்குப் பின்னாலுள்ள எலும்பின் வளையங்களை எண்ணி ஓபிரையனின் மீனுக்கு முப்பது வயது என்று கண்டார்கள். அவ்வளவு காலம் வளர்கிற மீனை ஒரு படத்துக்காகச் சாகவிட எனக்கு மனம் ஒப்பாது. ஒன்ராறியோவில் கொன்சர்வேசன் லைசன்ஸ் வைத்திருப்பவர் ஒரு மஸ்கியையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொக்கிகளின் முட்களைக் குறடால் நசுக்குங்கள். ரப்பர் பூசிய பெரிய வலையும் கொக்கி வெட்டும் கத்தரியும் இரண்டாவது லூருக்கு முன் வாங்குங்கள். நீரின் வெப்பம் 27 பாகையைத் தாண்டிய நாளில் மஸ்கியை விட்டுவிட்டு பாஸ் பிடிக்கப் போங்கள்.