புதுமைக்கு உரைகல் எது?

ஆண்டுதோறும் ஏப்ரல் 21ஆம் நாள் குடிமைப்பணி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1947இல் அதே நாளில் சர்தார் பட்டேல் தில்லியில் ஆட்சிப்பணிப் பயிற்சியாளர்களிடையே உரையாற்றினார். அதன் நினைவாக 2006 முதல் நடைபெறும் இவ்விழாவில் சிறந்த நிர்வாகத்திற்குப் பிரதமர் விருது வழங்கப்படுகிறது; புதுமைக்கும் விருதுண்டு. நல்லதே! ஆயினும், நண்பர்களே, ஒரு கேள்வி எழுகிறது. புதுமையை எங்கே நின்று அளப்பது? விழா மேடையிலா, ஏழை நிற்கும் வரிசையிலா?

இரண்டு மாநிலங்களின் கதையைக் கேளுங்கள். இரண்டிலும் கருவி ஒன்றே, அது கைரேகை.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் கைரேகை அட்டை வழியே தரப்பட்டன. எந்த வட்டாரத்தில் முதலில் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, அட்டை வந்த ஊரையும் வராத ஊரையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். கூலி விரைந்து கிடைத்தது. இடையில் சுரண்டல் குறைந்தது. ஈராண்டு கழிந்தும் ஏறத்தாழப் பாதிப் பணமே அட்டை வழியே சென்றது. கோப்பை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பர். ஆனால் பயன்பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புதிய முறையே வேண்டும் என்றனர். அட்டை இல்லாதவனையும் அரசு விரட்டவில்லை. பழைய முறையிலேயே பணம் கொடுத்தது.

ஜார்க்கண்டில் 2016-17இல் ரேஷன் அரிசிக்குக் கைரேகை கட்டாயமாயிற்று. அங்கும் இவ்வாறே ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அக்கட்டாயத்தால் மட்டும் களவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆதார் எண்ணைக் குடும்ப அட்டையோடு இணைக்காத குடும்பங்கள் பெற்றுவந்த பயனோ ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. கள்வனுக்கு விரித்த வலையில் சிக்கியவன் பசித்தவன்!

"அப்படியானால் நீ புதுமைக்குப் பகைவனா?" என்று கேட்கலாம். அல்லேன். ஆந்திரத்து அட்டையும் புதுமைதானே! கருவியில் குற்றமில்லை. கருவி தவறும்போது மனிதனுக்கு மாற்றுவழி வைத்தார்களா என்பதே கேள்வி.

இன்னொன்றும் உண்டு. சிறந்த மாற்றம் சில வேளை புதுமையாகவே தோன்றாது. சத்தீஸ்கரில் 2004 முதல் ரேஷன் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் மகளிர் குழுக்களிடமும் ஒப்படைத்தனர். அரிசியைக் கடை வாயில் வரை அரசே கொண்டு சேர்த்தது. இதில் கண்ணைப் பறிப்பது எது? எதுவுமில்லை. ஆனால் 2004-05இல் பாதியளவு மாயமான தானியம், 2009-10இல் பத்தில் ஒரு பங்களவாகக் குறைந்ததெனப் பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேசும் ரீத்திகா கேராவும் கணக்கிட்டனர்.

எனவே எந்தப் புதுத் திட்டத்தையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். மக்கள் கையில் சேர்ந்தது கூடியதா? வெறுங்கையோடு திரும்பியவர் எத்தனை பேர்? தொடங்கிய அதிகாரி மாற்றலாகிப் போன பின்னும் அது நிற்கிறதா? திட்டத்தின் ஆண்டறிக்கை முதற் கேள்விக்கு எளிதில் விடை தந்துவிடும். இரண்டாவதற்கோ, யாராவது வரிசையின் கடைசி வரை நடந்து சென்று எண்ணினாலன்றி விடை கிடையாது.

நம்மில் பலர் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். நாளை நாமும் திட்டம் தீட்டுவோம், விருதுக்கும் ஆசைப்படுவோம். அந்நாளில் கடையிலிருந்து வெறும் பையோடு வீடு திரும்பும் கிழவியை முதலில் எண்ணுவோம். அவளே உரைகல்.