மின்சாரத்தின் கண்ணில் மண்!

தேங்காயை உடைக்காமலே, தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார் கடைக்காரர். மின்சாரத்தாலும் இப்படித் தட்டிப் பார்க்கலாம். ஒரு பொருளின் மேற்பரப்பில் லேசான மின்னோட்டத்தைச் செலுத்தி, சுற்றிலும் வோல்டேஜை அளந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் இதை யோசித்தவர் ஆல்பர்ட்டோ கால்டெரோன். பின்னாளில் பெரிய கணித மேதையான அவர், 1980-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ஐ.சி.யூ.வில் நோயாளியின் மார்பைச் சுற்றி மின்முனைகளைப் பொருத்தி, நுரையீரலுக்குள் காற்று எங்கெங்கே போகிறது என்று பார்க்கிறார்களே, அதுவும் இதே வழிதான்.

இந்தக் கணக்கு எப்போதும் உண்மையைத்தான் சொல்லுமா? உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. 2003-ல் கிரீன்லீஃப், லாசஸ், உல்மன் என்ற மூன்று கணிதவியலாளர்கள், ‘ஏமாற்றவும் முடியும்’ என்று நிரூபித்தார்கள்.

எப்படி? ஒரு பொருளை உலோகப் பெட்டிக்குள் வைத்தால், வெளியிலிருக்கும் மின்புலம் அதைத் தொடாது. ஆனால், பெட்டியே மின்புலத்தைக் கலைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவர்கள் வேறு விதமான உறையைச் சொன்னார்கள். அந்த உறையில் மின்சாரம் உள்நோக்கிப் போவது கடினம், வட்டமாகச் சுற்றிப் போவது சுலபம். உள்ளே போகப் போக இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். மின்னோட்டம் நடுப்பகுதியைத் தொடாமல் சுற்றிச் சென்று, மறுபுறம் பழைய பாதையிலேயே சேர்ந்துவிடும். வெளியில் அளப்பவருக்கு உள்ளே எதுவுமே இல்லாதது போலத் தெரியும்.

2006-ல் ஜான் பென்ட்ரியும் டேவிட் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மின்காந்த அலைகளுக்கு இதே போன்ற வித்தையைச் சொன்னார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், நுண்ணிய செம்பு வளையங்கள் பதித்த உறையால் ஒரு செம்பு உருளையை மைக்ரோவேவிடமிருந்து ஓரளவு மறைத்தும் காட்டினார்கள். 2012-ல் சீன ஆய்வாளர்கள், மின்தடைகளை வலைபோலக் கோத்து, நேர்மின்னோட்டத்திடமிருந்தே ஒளித்துக் காட்டினார்கள்.

நோயாளிகள் பயப்பட வேண்டியதில்லை. இப்படிக் கணக்குப் போட்டு அடுக்கிய உறை உடலுக்குள் தானாக உருவாகாது. எதை நம்பலாம், எங்கே ஏமாறலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லதுதானே? கண்டுபிடிக்கும் வழியைச் சோதிக்கப் போனவர்களுக்கு, ஒளிந்துகொள்ளும் வழியும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது!